மேட்டுத் தெருவுக்கு முதல் தண்ணீர்

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் யார் என்று கேட்டால் போடிக்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவர் யார் என்று கேட்டால் பல் முளைக்காத பிள்ளைகூடச் சொல்லிவிடும். சுருளிவேல். எங்கள் பக்கத்து மூன்று தெருக்களுக்கும் அவர்தான் வருண பகவான். பகவானுக்கு விழுகிற பூ அவருக்கு விழாது, வசவு மட்டும் விழும்.

நான் பொற்கொடி. வண்டிப்பேட்டைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குழாய் போய் முடிகிற கோடியில் குடியிருந்து பார்க்கட்டும், அவர்களுக்கும் நீளும்.

மூன்று தெருக்களுக்கும் சேர்த்து ஒரே டேங்கு. மேட்டுத் தெரு உயரத்தில் இருக்கிறது. டேங்கு நிறைந்து நிற்கும்போது திறந்தால்தான் அங்கே தண்ணீர் ஏறும். டேங்கு பாதிக்கு இறங்கிவிட்டால் குழாயில் காற்றுதான் வரும். அதனால் நாள் விட்டு நாள், கிழக்கு வெளுப்பதற்கு முன்னாலேயே மேட்டுத் தெருவுக்கு முதல் தண்ணீர். அடுத்து எங்கள் தெரு. கடைசியாகப் பள்ளத் தெரு. டேங்கின் அடியில் கிடக்கிற தண்ணீர்கூடத் தானாக இறங்கி அங்கே போய்விடும் என்பதால் அந்தத் தெருக்காரர்களுக்குக் கவலையே கிடையாது. சுருளிவேலின் வீடு பள்ளத் தெருவில்தான்.

மேட்டுத் தெரு முதலில் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேர் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். போடிமெட்டு ஏறி, கேரளா பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை எஸ்டேட்டுகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் ஜீப்பு விடியும்போதே கிளம்பிவிடும். எங்கள் தெருப் பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது ஜீப்பு. எஸ்டேட்டில் பேர் போடுகிற நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே தண்ணீரும் ஜீப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி வர வேண்டும். எந்தப் பொறியாளரும் இதை வரைபடத்தில் போட்டுக் கொடுக்கவில்லை. சுருளிவேல் தானாகப் பார்த்து அமைத்துக்கொண்ட முறை இது.

அவருக்குச் சொந்த ஊர் சிலமலை. அவருடைய அப்பாவுக்கு அங்கே ஒரு பங்காளிக் கிணற்றில் பங்கு இருந்தது. இன்று உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு என்று முறை வைத்து இறைத்தார்கள். ஒரு கோடையில் சித்தப்பா ஒருவர் முறை தவறி மோட்டாரைப் போட்டார் என்று அரிவாளைத் தூக்கும்வரை போய்விட்டது. நிலத்தை விற்றுவிட்டுப் போடிக்கு வந்த சுருளிவேல், குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிற ஒப்பந்த வேலையில் சேர்ந்தார். பிறகு உடைந்த குழாய்க்கு ஒட்டுப்போடுகிற ஃபிட்டருக்குக் கையாள். பிறகு வால்வு திறக்கிற வேலை. எங்கள் தெரு எத்தனையோ முறை தோண்டப்பட்டிருக்கிறது. புதுத் திட்டம் என்பார்கள், புதுக் குழாய் என்பார்கள், வீட்டுக்கு வீடு மீட்டர் என்பார்கள். எத்தனை திட்டம் வந்தாலும் கடைசியில் ஒரு ஆள் முட்டி போட்டுக் குனிந்து, சேறு நிறைந்த வால்வு குழிக்குள் நீளச் சாவியை விட்டுத் திருகினால்தான் என் வீட்டுக் குடம் நிறையும்.

அந்தத் திருகலில் அவர் ஒருபோதும் பாரபட்சம் காட்டியதில்லை. அவரைத் திட்டுவதற்கென்றே பிறந்தவள் போலத் திட்டியிருக்கிற நானே சொல்கிறேன். ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விடச் சொல்லி, முதல் தரக் காய் ஒரு பொட்டலம் அனுப்பினார். சுருளிவேல் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். பாயசத்துக்குப் போட ஒரு காய்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் பெண்சாதி அமுதவள்ளி என்னிடம் வந்து புலம்பினார்.

கல்யாணம், கருமாதி என்று வீட்டில் ஏதாவது வந்தால் வெற்றிலை பாக்கோடு போய் அவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு விசேஷத் தண்ணீர் என்று பெயர். அவரும் மறுக்காமல் திறந்துவிடுவார். ஆனால் மூன்று தெருக்களுக்கும் முறை முடிந்த பிறகுதான். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றாலும் சரி, பிணத்தைக் குளிப்பாட்டக் காத்துக்கொண்டிருந்தாலும் சரி, முறையை முந்திக்கொண்டு சாவி குழிக்குள் இறங்காது. என் மாமியார் செத்த அன்றைக்கே காத்திருக்க வைத்தார். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் தன் மகள் சுஜிதாவின் நிச்சயதார்த்தத்தன்று முறை தவறிவிட்டார்.

அன்றைக்கு முறைநாள். முந்தின நாள் அடித்த மழைக்காற்றில் கரண்டு போய், டேங்குக்கு வழக்கமான தண்ணீர் ஏறவில்லை. சுருளிவேல் வீட்டில் டிரம்களை எல்லாம் முந்தின முறையிலேயே நிரப்பித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் சாயங்காலமே வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் குளித்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், பாத்திரம் கழுவினார்கள். விடியுமுன் பார்த்தால் டிரம்மில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. சமையல்காரர் அரிசியை அளந்து வைத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் அடுப்புப் பற்ற வைக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கம்பத்திலிருந்து கிளம்பிவிட்டதாக போன் வந்தது.

அப்போதுதான் அமுதவள்ளி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் தெறந்து விடுற கை, ஒரு நா நம்ம வீட்டுக்குத் தெறந்தா ஒடிஞ்சா போயிரும்?"

சுருளிவேல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மேட்டுத் தெரு வால்வை நோக்கித்தான் போனாராம். பாதி வழியில் திரும்பிப் பள்ளத் தெரு வால்வைத் திறந்தார். கொஞ்ச நேரம்தான், இரண்டு டிரம் நிறைந்ததும் அடைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் தண்ணீர் அவர் வீட்டுக்கு மட்டும் தனியாக வழி பார்த்து வருமா? முதல் முறையாக விடியுமுன் குழாய் சத்தம் கேட்டதும் பள்ளத் தெருவே எழுந்துகொண்டது. குடம், அண்டா, டிரம், போதாததற்குக் குழாயில் திருட்டுத்தனமாக மாட்டியிருக்கிற சின்ன மோட்டார்கள் எல்லாம் உறிஞ்ச ஆரம்பித்தன. அவர் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் அவரைக் கூப்பிட்டார்கள். மாலை வந்ததா, நாற்காலி வந்ததா, மாமன் எங்கே நிற்பது என்று இழுத்தடித்து, அவர் மறுபடி வால்வு குழிக்கு வந்து சேர்ந்தபோது வானம் வெளுத்திருந்தது. பள்ளத்தை அடைத்துவிட்டு மேட்டைத் திறந்தார். தண்ணீர் ஏறவில்லை.

மேட்டுத் தெருப் பொதுக் குழாயில் பெண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். குழாய் சீறியது, காற்றைத் துப்பியது, அவ்வளவுதான். திட்டிக்கொண்டே பலர் வெறுங்குடத்தை வீட்டில் போட்டுவிட்டு முதல் ஜீப்புக்கு ஓடினார்கள். ஜக்கம்மாளால் ஓட முடியவில்லை. அவர் புருஷன் சின்னமுத்து கையும் காலும் விழுந்து படுக்கையில் கிடப்பவர். காலையில் அவரைக் கழுவித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் ஜக்கம்மாள் வேலைக்குப் போவது வழக்கம். மகள் அனுப்பிரியா காலேஜில் படிக்கிறது, ஆனால் அப்பாவுக்குச் செய்கிற அந்த வேலையை மகளிடம் விட ஜக்கம்மாளுக்கு மனம் வராது. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதனால் காத்திருந்தார். பிறகு எங்கள் தெருப் பக்கம் இறங்கி வந்து, என் எதிர்வீட்டு மகாராணியிடம் ஒரு குடம் கடன் வாங்கிக்கொண்டு போனார்.

முதல் ஜீப்பு போய்விட்டது. இரண்டாவது ஜீப்பில் மகாராணியும் ஜக்கம்மாளும் சேர்ந்தே ஏறினார்கள். அன்றைக்கு முதல் ஜீப்பைத் தவறவிட்டவர்களும் சேர்ந்துகொண்டதால் கால் வைக்க இடமில்லை. ஜக்கம்மாளுக்குக் கடைசியில், கதவோரம்தான் இடம் கிடைத்தது. நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் காசிராஜன் வெரட்டி ஓட்டினான். மெட்டு ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தது. ஜீப்பு ஒடித்துத் திரும்பி, மலைப்பக்கச் சுவரில் மோதிச் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்குப் பல் போனது. ஜக்கம்மாளின் வலது கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

செய்தி வந்தபோது நாங்கள் பந்தியில் இருந்தோம். சாம்பார் நன்றாக இருந்தது, நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருந்தேன். வாசலில் யாரோ வந்து, மெட்டு ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்துவிட்டதாம், மேட்டுத் தெரு ஆட்கள் என்று சொன்னார். சம்பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சுருளிவேல் நிமிர்ந்து, எந்த ஜீப்பு என்று மட்டும் கேட்டார். இரண்டாவது ஜீப்பு என்றார்கள். ரசம் இலையைத் தாண்டிச் சம்பந்தியின் வேட்டியில் ஓடியது. மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற பதற்றம் என்று சம்பந்தி சிரித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேனி பெரியாஸ்பத்திரியில் ஜக்கம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊர் முழுக்க ஓட்டுநரைத்தான் ஏசியது. டீக்கடையில், ரேஷன் கடையில், குழாயடியில் எல்லாம் காசிராஜன் பேச்சுதான். குடித்திருந்தானாம், போனில் பேசிக்கொண்டே ஓட்டினானாம், ஆளுக்கு ஒரு கதை. சுருளிவேல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு ஆரம்பித்தால், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு தரம் மட்டும், அவன் என்ன வேணும்னேவா அப்படி ஓட்டினான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். காசிராஜன் உனக்கு என்ன மாமன் மச்சானா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள். ஊரே ஒருவனைக் குற்றவாளி என்று பிடித்துக் கொடுத்திருக்கும்போது, நான்தான் என்று எழுந்து நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும். அவருக்கு அது இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போய் வார்டு வாசல்வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். அடுத்த முறை உள்ளே போனார். ஜக்கம்மாள் அவரைப் பார்த்ததும், சோலியைக் கெடுத்துக்கொண்டு நீங்கள் எதற்கு அண்ணே அலைகிறீர்கள் என்று கேட்டாராம். பிறகு, வீட்டில் அந்த மனுஷனுக்குத் தண்ணீர் வருகிறதா, மகள் பிடித்து வைக்கிறாளா என்று விசாரித்தாராம். அதுதான் சுருளிவேலை உடைத்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஜக்கம்மாள் கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் தெருவின் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஜக்கம்மாள் வீட்டு வாசலிலேயே ஒரு குழாய் புதிதாக முளைத்தது. குடம் நிறைந்தது, டிரம் நிறைந்தது, ஆட்டோக்களைக் கழுவினார்கள், வாசலுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், அதற்கும் மேல் நல்ல தண்ணீர் சாக்கடையில் ஓடியது. மேட்டுத் தெருக்காரர்கள் சுருளிவேலைத் தங்கமான மனுஷன் என்றார்கள். எங்கள் தெருவுக்கு முறை வரும்போது குழாயில் நூல் மாதிரி வடியும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். பள்ளத் தெருவுக்கு எப்போதும்போல அடித்தண்ணீர் இறங்கிவிடும். நடுவில் காய்ந்தது நாங்கள்தான்.

ஒரு முறை பொறுத்தோம், இரண்டு முறை பொறுத்தோம். மகாராணிக்கு இரண்டும் கைக்குழந்தைகள். தண்ணீருக்குக் காத்திருந்து, அது வராமல், பக்கத்துத் தெருவுக்கு அலைந்து ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடுவாள். சில நாள் ஜீப்பு கிடைக்கும், சில நாள் வீட்டுக்குத் திரும்பி வருவாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பாதி தைத்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு, விடிந்தும் விடியாததுமாக வால்வு குழிக்குப் போய் நின்றேன்.

சாவியோடு வந்த சுருளிவேலை நான் கேட்டதெல்லாம் இங்கே எழுத முடியாது. மேட்டுத் தெருக்காரர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள், எதை வாங்கிக்கொண்டு எங்கள் தொண்டையை நனைக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்கே ஒரு நிமிடம் உறுத்தியது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாவியை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்தது அத்தனையும் சொன்னார். இரண்டு டிரம் தண்ணீர், அமுதவள்ளி சொன்ன வார்த்தை, பாதி வழியில் திரும்பியது, குழாயில் வந்த காற்று.

"அந்தப் பிள்ளை காலை நாந்தான் எடுத்தேன் தங்கச்சி. சோத்துல கை வச்சா அன்னைக்கு ஆக்கின சோறுதான் ஞாபகத்துக்கு வருது."

எனக்குக் கோபம் போகவில்லை. இரக்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். சரி, நானும் வருகிறேன் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே போனோம். ஜக்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போக முடியாததால் டவுன் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து காய் வாங்கி வந்து தரம் பிரித்துக் கொடுக்கிறார். பச்சைக்காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று விரல்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே சின்னமுத்து இருமுகிற சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்ததும் மகளை டீ போடச் சொன்னார். வேண்டாம் என்று சுருளிவேல் சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் நின்றபடியே சொன்னார். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் திக்கினார். சொல்லி முடித்து, என்னை மன்னிச்சிரு தாயி என்றார்.

ஜக்கம்மாளின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு காயை எடுத்து, திருப்பிப் பார்த்து, வெடித்த காய்ப் பக்கம் போட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. குழாயில காத்து வந்துச்சு, கீழ இருந்து சமையல் வாசன வந்துச்சு. அம்புட்டுக்கூடவா தெரியாது?"

சுருளிவேல் தலையைத் தூக்கவில்லை. தெரிந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று நான்தான் கேட்டேன். அன்றைக்கு அவர் மூஞ்சியைப் பார்த்தால் தனக்கே பாவமாக இருந்தது, அதுவும் போக, வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வேண்டுமே, தண்ணீர் விடுகிறவரைப் பகைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றார் ஜக்கம்மாள். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கேட்க எனக்கு என்னவோ போல இருந்தது.

மன்னிச்சிரு என்று சுருளிவேல் மறுபடியும் சொன்னார். அப்போதுதான் ஜக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"அதக் கேக்காதீங்க. நான் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நீங்க நிம்மதியா எறங்கிப் போயிருவீங்க. நான் இங்கனதான் ஒக்காந்து கெடக்கணும்."

அனுப்பிரியா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரும் எடுக்கவில்லை. தண்ணீருக்காவது குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன், என் உயிர் இருக்கிறவரை இந்த வாசல் குழாய் காயாது என்று சுருளிவேல் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்டதும்தான் ஜக்கம்மாளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரைக்கும் அவர் முகத்தில் நான் பார்க்காத கோபம் அது.

மகாராணி எப்படி வேலைக்குப் போகிறாள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் குடத்தை வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடுவதைச் சொன்னேன். ஓடுவது மட்டுமா என்றார் ஜக்கம்மாள். அதே எஸ்டேட்டில் கூட வேலை பார்த்த பெண்கள் அவரை வந்து பார்க்கும்போது எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டில் இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

"முந்தாநேத்து ஜீப்பு கெளம்பின பெறகு ஓடியாந்து, பின்னாடி கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே மெட்டு ஏறியிருக்கா. எங்கூட அன்னைக்கு அந்த ஜீப்புல கெடந்தவ. எங்காலு மாட்டி நசுங்கினதையும் பாத்தவ. எனக்குக் குடுக்கிற தண்ணி அவ தண்ணிண்ணே. அவளும் விழுந்தா, அப்புறம் அவ வாசல்ல ஒரு குழாய் போடுவீங்களா?"

சுருளிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார். மேட்டுத் தெருவே தங்கமான மனுஷன் என்று சொன்ன நாட்களில் அவர் செய்துகொண்டிருந்தது, தான் பட்ட நோவுக்கு ஊர்த் தண்ணீரை எடுத்து மருந்து போட்டுக்கொண்டது. அது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. எங்கள் தெருவுக்கு அநியாயம் நடக்கிறது என்று சண்டை போடப் போன எனக்கும் ஜீப்பின் பின்னால் தொங்கியவள் கண்ணில் படவில்லை.

போகும்போது ஜக்கம்மாள் கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முறையை முறையாக விடுங்கள், எனக்கென்று எதுவும் செய்ய வேண்டாம் என்றார். பிறகு முறத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு நாங்கள் வந்ததே இல்லை என்பது போல வேலையில் இறங்கிவிட்டார்.

அடுத்த முறைநாள் காலையில் நானும் எழுந்து போனேன். வேவு பார்க்கத்தான் போனேன், ஒப்புக்கு வேறு காரணம் சொல்ல விரும்பவில்லை. சுருளிவேல் மேட்டுத் தெரு வால்வைத் திறந்துவிட்டுத் தெருவுக்குள் ஏறி வந்து நின்றார். வழக்கமாக அவர் குழியை விட்டு நகர மாட்டார். ஜக்கம்மாள் வீட்டு வாசல் குழாயில் அனுப்பிரியா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் நின்று நிதானமாகப் பிடித்துப் பழகிய தெரு, அன்றைக்கும் நிதானமாகத்தான் இருந்தது. ஒரு குடம் நிறைந்தது. இரண்டாவது குடத்தை வைத்தாள். ஜக்கம்மாள் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

நேரமாகிவிட்டது. எங்கள் தெரு முறை வந்துவிட்டது. சுருளிவேல் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிகூட ஏறியிருக்கவில்லை. ஜக்கம்மாளும் அவரைப் பார்த்தார். அடைக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் குடம் நிறைந்துவிடும் என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான்தான் சண்டை போட்டவள், நானே அப்படி நினைத்தேன். சுருளிவேல் திரும்பி இறங்கினார். குழிக்குள் சாவியை விட்டுத் திருகினார். மேலே குழாய் மெலிந்து, சொட்டி, நின்றுபோனதை நான் தெருவிலிருந்து பார்த்தேன். ஜக்கம்மாள் மகளிடம் குடத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. மகாராணி இரண்டு குடம் பிடித்து உள்ளே வைத்தாள், பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றினாள், காய் எடுக்கும்போது போடுகிற ஆம்பளைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு, ஓடாமல் நடந்தே ஜீப்புக்குப் போனாள். ஜீப்பில் உட்கார இடம் கிடைத்தது. நானே ஜீப்பு நிற்கிற பேட்டை முக்குவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது சுருளிவேல் வால்வு குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகாராணி ஏறிவிட்டாளா என்று கேட்டார். ஏறிவிட்டாள் என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ரெண்டாவது கொடம் நெறஞ்சிருக்குமா தங்கச்சி?"

நிறைந்திருக்கும் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் வாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதென்றும் இல்லை.

"நெறையலண்ணே. பாதிதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் தெரு முறை முடிகிறவரை அங்கேயே இருந்தார். முடிந்ததும் எழுந்து எங்கள் வால்வை அடைத்தார், பள்ளத்தைத் திறந்தார், தன் வீட்டுப் பக்கம் போகாமல், அடைக்கிற நேரம்வரை குழிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.